கடல் கடந்த கார்கள்: திருத்தலும் காப்புறுதியும்
எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களின் அமெரிக்க வரலாறு குறித்து ஒரு நோக்கு

ஒரு பொருள் எங்கே ஆக்கப்பட்டது, எவ்வளவு விற்பனையாயிற்று, அதனால் ஈட்டப்பட்ட வருவாய் யாது என்பனவற்றைப் பொருளியல் வரலாறு விரிவாகக் கூறும். விற்பனையின் பின்னர் அப்பொருள் வாங்கியவர் கையில் எவ்வாறு நிலைத்து நின்றது என்னும் வினா பெரும்பாலும் கேட்கப்படாமலே விடப்படுகிறது. இயந்திரங்களைப் பொறுத்தவரை இவ்வினா முதன்மையானது. தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் கழிக்கும் காலம் சிறிது. எஞ்சிய ஆயுள் முழுவதும் அது திருத்துவோரின் பொறுப்பிலேயே கழிகின்றது. அவ்வியந்திரம் பிறநாட்டில் ஆக்கப்பட்டதாயின் அதனை உடைமையாகக் கொள்வதே ஒரு சிக்கலாகிவிடுகின்றது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் பிரித்தானியாவிலிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்ற எம்.ஜி. கார்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றில் திருத்தலும் காப்புறுதியும் எவ்வாறு தொடர்புற்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம்.ஜி. என்பது மொறிஸ் கராஜஸ் என்னும் பெயரின் முதலெழுத்துகளாலான சுருக்கம். ஒக்ஸ்போர்ட் நகரில் வில்லியம் மொறிசின் கார் விற்பனை நிலையமாக இருந்த இடத்திற் பிறந்த இக்கார், 1929 முதல் அயலூரான அபிங்டனில் ஆக்கப்பட்டது. 1945இல் போர் முடிந்தபோது பிரித்தானியா வென்ற நாடாகவும் கடன்பட்ட நாடாகவும் இருந்தது. டொலர் ஈட்டுவதே தொழிற் கட்சி அரசாங்கத்தின் தலையாய கவலையாயிற்று. உருக்கு பங்கீட்டின்படியே வழங்கப்பட்டது. ஏற்றுமதியிற் பின்தங்கிய நிறுவனம் உருக்கையும் இழக்க நேர்ந்தது. இச்சூழலிலேதான் 1945இன் இறுதியில் எம்.ஜி. டி.சி. என்னும் சிறு கார் வெளிவந்தது. அதன் எஞ்சின் 1,250 கன சென்ரிமீற்றர் கொள்ளளவினது. ஏறத்தாழ 54 குதிரைவலு ஆற்றலுடையது. உடலின் சட்டகம் மரத்தாலானது. கைவளையம் வலப்பக்கத்திலேயே இருந்தது. வீதியின் வலப்புறத்தில் வண்டி செலுத்தும் அமெரிக்கருக்கென இதில் எவ்வித மாற்றமும் செய்யப்படவில்லை.

1949 வரை ஆக்கப்பட்ட ஏறத்தாழ 10,000 டி.சி. கார்களுள் அமெரிக்காவை அடைந்தவை ஏறத்தாழ 2,000 மாத்திரமே. ஆயினும் இத்தொகை ஏற்படுத்திய தாக்கம் பெரிது. 1948ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் நாள் நியூயோர்க் மாநிலத்தின் வற்கின்ஸ் கிளென் என்னும் ஊரில், போருக்குப் பிந்திய அமெரிக்க வீதிக் காரோட்டத்தின் தொடக்கமெனக் கருதப்படும் பந்தயம் நடைபெற்றது. அதனை ஒழுங்குசெய்த கமரன் ஆர்கெற்சிங்கர் தாமே ஒரு டி.சி. காரில் ஓடி ஒன்பதாமிடம் பெற்றார். 1949 செப்ரெம்பரில் பவுணின் பெறுமதி 4.03 டொலரிலிருந்து 2.80 டொலராகக் குறைக்கப்பட்டபோது பிரித்தானியக் கார்களை அமெரிக்கச் சந்தையில் மலிவாக விற்க வழி பிறந்தது. அடுத்து வந்த டி.டி. வகையில் இடப்பக்கக் கைவளையமும் கிடைத்தது. 1953 வரை ஆக்கப்பட்ட ஏறத்தாழ 30,000 டி.டி. கார்களுள் 20,000க்கும் மேற்பட்டவை அமெரிக்காவுக்கே சென்றன.

இவ்வாறு கார்கள் கப்பலேறின. அவற்றைத் திருத்தும் அறிவோ கப்பலேறவில்லை. இதனை விளக்க ஒரு சிறு திருகாணி போதும். 1841இல் ஜோசெப் விற்வர்த் பிரித்தானியாவுக்கென ஒரு திருகுப்புரி நியமத்தை முன்மொழிந்தார்; அதன் புரிக்கோணம் 55 பாகை. 1864இல் பிலடெல்பியாவில் வில்லியம் செலர்ஸ் 60 பாகைக் கோணங்கொண்ட வேறொரு நியமத்தை முன்மொழிந்தார். அமெரிக்கா அதனைப் பின்பற்றிற்று. ஸ்பானர்களை அளவிடும் முறையும் வேறுபட்டது. விற்வர்த் ஸ்பானரின் எண் போல்ற்றுத் தண்டின் விட்டத்தைக் குறிக்கும்; அமெரிக்க ஸ்பானரின் எண் போல்ற்றுத் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையிலான தூரத்தைக் குறிக்கும். எனவே ஒரே எண் பொறித்த இரு ஸ்பானர்கள் ஒரே போல்ற்றுக்குப் பொருந்தா.

டி.சி. எஞ்சினில் இச்சிக்கல் இரட்டிப்பாயிற்று. அவ்வெஞ்சின் ஆக்கப்பட்ட கொவென்றித் தொழிற்சாலை முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஹொச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தால் நிறுவப்பட்டது. 1923இல் மொறிஸ் அதனை வாங்கியபோது மெற்றிக் அளவில் அமைந்த பொறிகளையும் சேர்த்தே பெற்றார். அதனால் அங்கு வெட்டப்பட்ட புரிகள் மெற்றிக் அளவிலும், பிரித்தானியத் தொழிலாளரின் ஸ்பானர்களுக்குப் பொருந்தும்பொருட்டுத் தலைகள் விற்வர்த் அளவிலும் அமைந்தன. அமெரிக்கக் கராச்சொன்றில் இத்தகைய போல்ற்று ஒன்று முறிந்தால், அதனைக் கழற்ற உள்ளூர் ஸ்பானர் உதவாது. மாற்றாக இட உள்ளூர்க் கடையில் போல்ற்றும் கிடையாது.

இக்குறை எம்.ஜி. காருக்கு மாத்திரம் உரியதன்று. போர்க்காலத்தில் நேச நாடுகள் ஒன்றின் படைக்கலத்தை மற்றொன்று திருத்த இயலாது இடர்ப்பட்டன. அவ்வனுபவத்தின் விளைவாக 1948 நவம்பர் 18ஆம் நாள் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய மூன்றும் பொதுவான புரி நியமமொன்றை ஏற்றன. 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. காரில் பெரும்பாலும் இப்பொது நியமமே கையாளப்பட்டது. 1962 வரை ஆக்கப்பட்ட 100,000க்கும் மேற்பட்ட எம்.ஜி.ஏ. கார்களுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை ஏற்றுமதியாயின. இப்பெருக்கத்திற்குக் காரணங்கள் பல. எனினும் அமெரிக்கத் தொழிலாளி தன் கைவசமிருந்த ஸ்பானர்களால் அக்காரைக் கழற்றிப் பூட்ட முடிந்தமையை அவற்றினின்றும் ஒதுக்கிவிட முடியாது.

அளவு ஒன்றுபட்ட பின்னரும் பழக்கத்தால் வரும் அறிவு எஞ்சியிருந்தது. எம்.ஜி. எஞ்சினில் இரு எஸ்.யூ. காபரேற்றர்கள் பொருத்தப்பட்டிருந்தன. இரண்டும் ஒரே அளவு காற்றை உள்ளிழுக்குமாறு ஒழுங்குசெய்தல் வேண்டும். அனுபவமிக்க தொழிலாளர் இறப்பர்க் குழாயொன்றின் ஒரு நுனியைக் காதிலும் மறுநுனியை ஒவ்வொரு காபரேற்றரின் வாயிலும் வைத்து, காற்றின் இரைச்சலை ஒப்பிட்டே அதனைச் செய்தனர். எழுத்தால் மாத்திரம் கற்பிக்க இயலாத இவ்வறிவு நகரத்துக் கராச்சுகளிலும் கார்ச் சங்கங்களிலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது. 1948இல் அல் மொஸ் லொஸ் ஏஞ்சல்சில் தொடங்கிய திருத்தகம், காலப்போக்கில் பிரித்தானியக் கார்களின் உதிரிப்பாகங்களை அஞ்சல் மூலம் நாடெங்கும் அனுப்பும் நிறுவனமாக வளர்ந்தது. 1961இல் உலகக் காரோட்ட வீரராகத் தெரிவான முதல் அமெரிக்கரான பில் ஹில், தம் இளமையில் தென் கலிபோர்னியாவில் இறக்குமதிக் கார்களைத் திருத்தும் தொழிலாளியாகப் பணியாற்றி, டி.சி. காரிலேயே பந்தய வாழ்வைத் தொடங்கியவர். பந்தயங்களிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் பழைய கார்களைப் புதுப்பிக்கும் தொழிலுக்கே அவர் திரும்பினார்.

இனிக் காப்புறுதியை நோக்குவோம். 1927இல் மசச்சூசெற்ஸ் மாநிலம் அமெரிக்காவிலேயே முதன்முதலாக மோட்டார்க் காப்புறுதியைக் கட்டாயமாக்கிற்று. ஆயினும் சட்டம் வேண்டியது பொறுப்புக் காப்புறுதியையே. அது விபத்தில் தீங்குற்ற பிறரைக் காப்பதன்றி உரிமையாளரின் காரைக் காப்பதன்று. தன் காரைக் காக்க விரும்பியவர் தனியாகக் கட்டணம் செலுத்தல் வேண்டும். மணமாகாத இளைஞரிடம் காப்புறுதி நிறுவனங்கள் உயர்ந்த கட்டணம் அறவிட்டன; ஸ்போர்ட்ஸ் கார்களை நாடியோருள் அத்தகையோர் பலர் இருந்தனர்.

கட்டணத்தினும் கடுமையானது பெறுமதி பற்றிய விதி. வழமையான காப்புறுதியில், விபத்து நிகழ்ந்த நாளில் அக்காருக்கு இருந்த சந்தைப் பெறுமதியே இழப்பீட்டின் எல்லை. ஆண்டுதோறும் தேய்மானம் அதனைக் குறைத்துக்கொண்டே செல்லும். உதாரணமாக, 1,000 டொலர் பெறுமதியென மதிக்கப்பட்ட காரொன்றைத் திருத்த 1,200 டொலர் வேண்டுமாயின், நிறுவனம் அதனை முழு இழப்பெனக் கணக்கிட்டு 1,000 டொலரோடு கடமையை முடித்துக்கொள்ளும். உதிரிப்பாகம் கடல் கடந்து வரவேண்டிய காரில் திருத்தச் செலவு இவ்வெல்லையை விரைவில் எட்டிவிடும். 1962 முதல் 1980 வரை 500,000க்கும் மேலாக ஆக்கப்பட்ட எம்.ஜி.பி. காரில் வேறோர் இடரும் இருந்தது. அதற்குத் தனிச் சட்டகம் இல்லை. உடலே சுமையைத் தாங்கியது. வட மாநிலங்களில் பனியுருகும்பொருட்டு வீதிகளில் இடப்பட்ட உப்பு, கதவுகளின் கீழமைந்த பெட்டிவடிவப் பகுதியைத் துருப்பிடிக்கச் செய்தபோது காரின் முதுகெலும்பே நலிந்தது. துருவோ விபத்தன்று, ஆதலால் காப்புறுதி அதற்கு ஈடு தருவதில்லை.

இச்சிக்கலுக்குரிய தீர்வு கடலிலிருந்து வந்தமை கருதத்தக்கது. மூழ்கிய கப்பலின் பெறுமதியை மூழ்கிய பின் மதிப்பிடுதல் அரிது. எனவே இரு தரப்பாரும் முன்னரே பெறுமதியை உடன்பட்டு எழுதிக்கொள்ளும் வழக்கம் கடற் காப்புறுதியில் வேரூன்றியிருந்தது. பிரித்தானியாவின் 1906ஆம் ஆண்டுக் கடற் காப்புறுதிச் சட்டம், மோசடி இல்லாதவிடத்து அவ்வாறு எழுதப்பட்ட பெறுமதியே முடிவானதென விதித்தது. பழைய கார்களுக்கும் இம்முறை மெல்ல மெல்லப் பரவியது. அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தில் 1984இல் மரப்படகுகளைக் காப்புறுதி செய்யத் தொடங்கிய ஹகேற்றி நிறுவனம், 1991இல் அதே முறையைப் பழைய கார்களுக்கு விரித்தமை இத்தொடர்பைத் தெளிவாகக் காட்டும். இதற்கு நிபந்தனைகளும் உண்டு: கார் பூட்டிய இடத்தில் வைக்கப்படல் வேண்டும், அன்றாடப் பயணத்திற்கு வேறு கார் இருத்தல் வேண்டும்.

உடன்பட்ட பெறுமதி எவ்வாறு இயல்வதாயிற்று? உதிரிப்பாகம் கிடைக்கும் என்பதும், திருத்த வல்லோர் உளர் என்பதும், வாங்க விழைவோர் உளர் என்பதும் உறுதியானாலன்றி எந்த நிறுவனமும் முப்பதாண்டுப் பழைமையான காருக்குப் பெறுமதி எழுதிக் கொடாது. அவ்வுறுதியை அளித்தவர் ஆக்கியோர் அல்லர். பவுணின் பெறுமதி உயர்ந்து டொலர் வருவாய் சுருங்கிய நாள்களில், 1979 செப்ரெம்பரில், அபிங்டன் தொழிற்சாலையின் மூடல் அறிவிக்கப்பட்டது. 1980 ஒக்ரோபரில் அது மூடப்பட்டது. டொலருக்காகப் பிறந்த கார் டொலராலேயே முடிவுற்றது எனலாம். ஆயின் கார்கள் மறையவில்லை. அவற்றைத் திருத்துவோரின் தேவை குன்றாமையால் 1988இல் பழைய அச்சுகளைக் கொண்டே எம்.ஜி.பி. காரின் முழு உடல் மீண்டும் பிரித்தானியாவில் ஆக்கப்படலாயிற்று. எனவே காப்புறுதி பெறுமதியைப் படைத்ததன்று. திருத்துவோர் தம் உழைப்பாற் படைத்த பெறுமதியையே அது பின்னர் ஏட்டில் எழுதிக்கொண்டது.

இம்முடிவு நமக்குப் புறம்பானதன்று. எம்.ஜி. காருடன் ஒரே நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த மொறிஸ் மைனர் கார், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களிலும் 1970களிலும் இறக்குமதி ஒடுங்கிய இலங்கையில், நம் கராச்சுத் தொழிலாளரின் கைத்திறனாலேயே ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கருக்கு விருப்பமாயிருந்த திருத்தல் நமக்குக் கட்டாயமாயிருந்தது. 1990களில் அக்காரின் பாகங்கள் சில இலங்கையிலேயே ஆக்கப்பட்டு, அது பிறந்த பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாயின. ஒரு காலத்தில் உதிரிப்பாகத்திற்குக் கப்பலை எதிர்நோக்கி நின்ற நாடு, அதே காருக்குரிய பாகத்தைக் கப்பலேற்றியது. பொறியை ஆக்கியவரின் பெயர் அதன் முகப்பிற் பொறிக்கப்பட்டிருக்கும். அதனை வாழவைத்தவரின் பெயரைத் தேடுதல் வரலாற்று மாணவரின் கடனாகும்.