டவர் எட்டாத கடல்

குமரி மாவட்டத்தில் தூத்தூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் போனைப் பாலித்தீன் உறைக்குள் போட்டு, வாயைச் சுருட்டி, ரப்பர் பேண்டால் இறுக்கிவிடுவார்கள். உப்புத்தண்ணீரில் ஊறிய விரலுக்குத் தொடுதிரை லேசில் பணியாது. லுங்கியில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். அழுத்தினால் காற்றின் திசைக்கு ஒரு அம்புக்குறி, பக்கத்தில் அலையின் உயரம் மீட்டர் கணக்கில். அந்த ஒற்றை எண் இந்த உறைக்குள் வந்து சேர இருபது வருடம் பிடித்தது.

அது முதலில் வந்தது போனில் அல்ல, ஒலிபெருக்கியில். 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. அவற்றில் ஒன்று மீனவர் ஊரான வீராம்பட்டினம். வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பு அப்போது அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்தது. மையத்தில் இருந்தவர்கள் அதை இறக்கி, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எழுத்துத் தெரிய வேண்டாம், கையில் கருவி வேண்டாம்; கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவருக்கும் அடுப்படியில் நின்ற அவர் மனைவிக்கும் ஒரே நேரத்தில் சேதி போய்விடும். அந்த வகையில் அதற்குப் பிறகு வந்த எந்தச் செயலியையும் விட அந்த ஒலிபெருக்கியைத்தான் நான் உயர்வாக நினைக்கிறேன். ஆனால் குரல் ஊர் எல்லையோடு நின்றுபோகும்.

2000-களின் பிற்பகுதியில் குவால்காம், டாடா டெலிசர்வீசஸ் ஆகியவற்றோடு சேர்ந்து அதே நிறுவனம் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ செயலியைக் கொண்டுவந்தது. அது ‘ப்ரூ’ என்ற குவால்காமின் தளத்தில், சிடிஎம்ஏ என்ற வகை போன்களில் மட்டும் ஓடியது. ஒரு மாடலுக்கு எழுதியதை இன்னொரு மாடலுக்குக் கொண்டுபோனால் திரையின் அளவு வேறு, பொத்தான்கள் வேறு. ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து திருத்த வேண்டும். ஒருமுறை எழுதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடவிடும் ரியாக்ட் நேட்டிவ் வெளிவந்தது 2015-இல், ஃப்ளட்டரின் முதல் பதிப்பு 2018-இல். அவையெல்லாம் வருவதற்கு வெகு முன்னால் நடந்த கதை இது. பிறகு சிடிஎம்ஏவே வழக்கொழிந்தது, செயலி ஆண்ட்ராய்டுக்குக் குடிபெயர்ந்தது. போகும்போது தனியாகப் போகவில்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம், கடல்பரப்பின் வெப்பத்தையும் பாசியின் பச்சையையும் செயற்கைக்கோள் வழியே பார்த்து, மீன் கூடும் இடங்களைக் கணித்துச் சொல்கிறது. அதுவும் ஜிபிஎஸ்ஸும் கடல் எல்லை எச்சரிக்கையும் சந்தை விலையும் செயலியில் சேர்ந்தன.

இதற்குப் பிறகுதான் ஒக்கிப் புயல்.

நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரைக்கும், தூத்தூரையும் சேர்த்து, வரிசையாக எட்டு ஊர். இங்குள்ளவர்கள் சுறா தேடி அரபிக்கடலில் வெகுதூரம் போகிறவர்கள். ஒரு தடவை போனால் வாரக்கணக்கில் கரை காண மாட்டார்கள். 2017 நவம்பர் 30 அன்று குமரிக்குப் பக்கத்தில் புயல் உருவெடுத்தபோது அவர்கள் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் போன் சிக்னல் கிடையாது. டவர் விட்டுப்போன போனில் ஜிபிஎஸ் மட்டும் வேலை செய்யும்: நீ எங்கே இருக்கிறாய் என்று சொல்லும், உன்னை நோக்கி என்ன வருகிறது என்று சொல்லாது. குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. கடலில் போய்த் தேடுங்கள் என்று கேட்டு, ஒரு வாரம் கழித்து ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். செயலி எல்லாப் போனிலும் ஓடினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அந்தத் தண்டவாளத்தை ஒருமுறை மனதில் கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

2019 அக்டோபரில் ‘ஜெமினி’ வந்தது. விமானங்களுக்கு வழிகாட்டுவதற்காக அமைத்த ‘ககன்’ செயற்கைக்கோள் அலைவரிசையில் இன்காய்ஸின் எச்சரிக்கையை ஏற்றி அனுப்புகிறார்கள். படகில் இருக்கும் சிறு பெட்டி அதை வாங்கி, ப்ளூடூத் வழியே போனுக்குத் தருகிறது. போனில் உள்ள செயலி அதைப் பிரித்து, ஒன்பது இந்திய மொழிகளில் வேண்டியதில் காட்டுகிறது. பாலித்தீன் உறையைக் கழற்றக்கூட வேண்டாம். ப்ளூடூத்துக்கு அது ஒரு தடையே இல்லை. அலை உயரம் டவரை எதிர்பார்க்காமல் ஆழ்கடலுக்குப் போனது.

ஆனால் ஒருவழிதான். கரை பேசும், படகு கேட்கும். “என்ஜின் நின்றுபோச்சு, தண்ணி ஏறுது” என்று படகிலிருந்து திருப்பிச் சொல்ல ஜெமினியில் வழியில்லை. அதற்காக இஸ்ரோ ‘நபமித்ரா’ என்ற இருவழிக் கருவியைச் செய்து, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் சோதித்துப் பார்த்தது. தூத்தூர்ப் படகுகள் மீன் இறக்கக் கொச்சிக்குப் போகும் வழியில்தான் நீண்டகரை இருக்கிறது.