படுக்கை இல்லாத ஊரில் ஒரு பரிசோதனை: சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையத்தின் கதை

பீச்–தாம்பரம் மின்சார ரயிலில் போறவங்க தினமும் கேட்கிற ஒரு பெயர், தாம்பரம் சானடோரியம். நம்மில் பலருக்கு அது வெறும் ஸ்டேஷன் பெயர். ஒரு காலத்தில் சானடோரியம்னா காசநோயாளிகள் மாசக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் தங்கியிருந்த இடம். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவ்வளவுதான் சிகிச்சை. 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய மருத்துவமனையின் பெயர்தான் ஸ்டேஷனுக்கும் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் மருந்துகள் வந்தன. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ்., 1952-ல் ஐசோநையாசிட். ஆனால் மருந்து வந்த பிறகும் நோயாளியைப் படுக்கையில் வைத்துத்தான் கொடுக்கணும்னு மேல்நாட்டு டாக்டர்கள் நினைத்தார்கள். அவர்களிடம் படுக்கைகள் இருந்தன. நம்மிடம்? நோயாளிகள் பல லட்சம், படுக்கைகளோ மிகக் குறைவு. புதிதாகக் கட்டலாம்னா அதற்குப் பணமும் கிடையாது, நர்சுகளும் கிடையாது.

அதனால் இங்கிருந்த கேள்வி வேறு. ஒரு நோயாளி வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் குணமாவாரா? அதைவிட முக்கியம், அந்த ஒற்றை அறையில் கூடவே படுத்துத் தூங்குகிற குழந்தைகளுக்கு என்ன ஆகும்?

இன்னைக்கு நான் சொல்லப்போறது இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய கதை. வளரும் நாடுகளில் மருத்துவ ஆராய்ச்சித் திறனை எப்படி வளர்ப்பது என்று பேசும்போது பெரும்பாலும் நிதி, கருவி, பயிற்சி வகுப்பு என்றே பேச்சு போகும். மெட்ராஸ் கதையில் அதெல்லாம் உண்டு. ஆனால் எனக்கு அதில் பெரிய விஷயமாகத் தெரிவது, இந்த ஊரின் பிரச்சினையே ஆய்வின் கேள்வியாக இருந்தது என்பதுதான்.

1956-ல் நான்கு பேர் கைகோத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது ஐசிஎம்ஆர். சென்னை மாநில அரசு. உலக சுகாதார நிறுவனம். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் உருவானது. திட்டம் ஐந்து வருஷத்துக்குத்தான். தலைமை ஏற்க லண்டனிலிருந்து வந்தவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

ஏன் பிரிட்டிஷ் கவுன்சில்? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு சிகிச்சையை ஒப்பிடுவது இன்று மருந்துகளுக்கு உள்ள வழக்கமான நடைமுறை. காசநோயில் அந்த முறையை நிலைநாட்டிய ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வை 1948-ல் வெளியிட்டவர்கள் அவர்கள். ஃபாக்ஸ் பெட்டியில் கொண்டுவந்தது மருந்து இல்லை, இந்த முறை.

நேரமும் அவ்வளவு நல்ல நேரம் இல்லை, பாருங்க. சுதந்திரம் வந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. 1955-ல்தான் ராஜாஜி பிசிஜி தடுப்பூசி இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவத்தை ஜனங்கள் மேல் பரிசோதிக்கிறார்களா என்ற சந்தேகம் ஊரில் இருந்தது. அதை மூடத்தனம்னு தள்ளிவிட எனக்கு மனசில்லை. இந்த ஆய்வில் ஆபத்தைச் சுமந்தவர்கள் டாக்டர்கள் இல்லையே. நெரிசலான வீட்டில், சளியில் கிருமியோடு ஒருவர் திரும்பி வருகிறார். கூட இருப்பவர்கள் அவருடைய மனைவி, குழந்தை, வயசான அம்மா. அதே சமயம், ஆய்வே நடக்கவில்லை என்றாலும் அந்த நோயாளி அந்த வீட்டில்தான் இருந்திருப்பார், மருந்தே இல்லாமல். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

ஆய்வில் 193 நோயாளிகள். குலுக்கலில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. இரண்டு குழுவுக்கும் ஒரே மருந்து: ஐசோநையாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருஷம். பி.ஏ.எஸ். லேசுப்பட்ட மருந்து இல்லை. தினமும் கிராம் கணக்கில் விழுங்கணும், வயிற்றைப் புரட்டும்.

அப்போ வீட்டில் இருப்பவர் நிஜமாகவே சாப்பிடுகிறாரா? இங்கேதான் மையத்தின் உண்மையான உழைப்பு. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரில் ஒரு ரசாயனத்தை விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்து, மருந்து உள்ளே போனதா என்று கண்டுபிடித்தார்கள். வராதவரைத் தேடி சந்து சந்தாகப் போனார்கள். ஆராய்ச்சித் திறன்னு பெரிய வார்த்தையில் சொல்வதை நான் இப்படித்தான் புரிஞ்சுக்கிறேன்: ஒரு நோயாளியைக் கூட தொலைத்துவிடாமல் வருஷக்கணக்கில் பின்தொடரும் பழக்கம். மைக்ரோஸ்கோப்பைக் கப்பலில் அனுப்பிவிடலாம். இந்தப் பழக்கத்தை உள்ளூரில், உள்ளூர் ஆட்களை வைத்துத்தான் உருவாக்க முடியும்.

1959-ல் முடிவு வெளியானது. ஒரு வருஷ முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும் சளியில் கிருமி அடங்கியிருந்தது. சானடோரியத்தில் சாப்பாடு நல்ல சாப்பாடு, எடை கூடியது. வீட்டில் சாப்பாடு குறைவு, இடம் குறைவு, வேலையும் அதிகம். அப்படியும் வித்தியாசம் இவ்வளவுதான். கூட இருந்த குடும்பத்தினரை ஐந்து வருஷம் கவனித்தார்கள். வீட்டில் சிகிச்சை எடுத்தவரின் குடும்பத்துக்கு நோய் அதிகமாகப் பரவவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிக்கும் முன்பே தொற்றிவிட்டது. மருந்து ஆரம்பித்ததும் பரவும் வேகம் சட்டென்று குறைந்துவிட்டது.

உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிய இது ஒரு பெரிய காரணம். அந்த அறிக்கையின் ஆசிரியர் இடத்தில் தனி மனிதர் பெயர் இல்லை. மையத்தின் பெயர்தான் இருந்தது. யார் பெயர் முதலில் வரணும்னு இன்றைய கூட்டு ஆய்வுகளில் நடக்கிற சண்டைகளைப் பார்க்கிறப்போ, இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அதோடு நிற்கவில்லை. தினமும் மாத்திரை கொடுத்தால் பாதியில் விடுகிறார்கள், அப்போ வாரம் இரண்டு முறை கண் முன்னாடியே கொடுத்தால்? 1964-ல் அந்த ஆய்வின் முடிவும் நல்லபடியாக வந்தது. 1990-களில் உலக சுகாதார நிறுவனம் ‘டாட்ஸ்’ என்று உலகமெங்கும் கொண்டுபோன முறையின் ஒரு வேர் இங்கே இருக்கிறது. தென்னிந்தியக் கிருமிகளில் பல, கினிப் பன்றிகளிடம் பிரிட்டிஷ் கிருமிகளைவிட வீரியம் குறைவாக இருந்ததும் இந்தக் கூட்டுறவில்தான் தெரியவந்தது. லண்டன் கிருமியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரிந்திருக்காது. பாடம் ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. ஃபாக்ஸ் இங்கே கற்றதை வைத்துக்கொண்டு பிறகு கிழக்கு ஆப்பிரிக்கா, ஹாங்காங், சிங்கப்பூர் ஆய்வுகளில் வேலை செய்தார்.

ஐந்து வருஷத் திட்டம் மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை என்பது இன்னொரு விஷயம். 1964-ல் அது ஐசிஎம்ஆரின் நிரந்தர மையமானது. இன்று அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதன் இயக்குநராக இருந்த சௌமியா சுவாமிநாதன்தான் 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி ஆனார்.

சரி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சதா? இல்லை. மெட்ராஸ் முடிவை அரசாங்கங்கள் தங்களுக்கு வசதியாகப் படித்துக்கொண்டன. “வீட்டிலேயே சிகிச்சை போதும்” என்ற பாதியை எடுத்துக்கொண்டு, வீடு தேடிப் போன ஆட்களை விட்டுவிட்டார்கள். 1962-ல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டத்தில் நாடு முழுக்க நோயாளிகள் பாதியில் மருந்தை நிறுத்தினார்கள். சேத்துப்பட்டில் வளர்ந்த திறன் ஒரு தாலுகா ஆஸ்பத்திரிவரை போய்ச் சேரவில்லை. ஒரு நல்ல ஆய்வு மையத்தை மட்டும் வளர்த்துவிட்டு, அதைச் சுற்றியுள்ள சாதாரண சுகாதார அமைப்பை அப்படியே விடுகிற எல்லாக் கூட்டுறவுக்கும் இந்தக் குறை உண்டு என்பது என் அபிப்பிராயம்.

சாப்பாட்டு விஷயத்திலும் இதேதான் நடந்தது. மருந்து சரியாகப் போனால், சாப்பாடு குறைந்தாலும் நோயாளி குணமாவார் என்பது மெட்ராஸ் முடிவு. அது சரியான முடிவு. காலப்போக்கில் அது “காசநோய்க்கும் சாப்பாட்டுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை” என்று சுருங்கிப்போனது. குணமாவதும் நோய் வராமல் இருப்பதும் வேறு வேறு கேள்விகள் இல்லையா? இரண்டாவது கேள்வியைப் பெரிய அளவில் கேட்க அறுபது வருஷம் ஆனது. ஜார்க்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், நோயாளிகளின் வீட்டில் இருந்த 10,345 பேரைப் பின்தொடர்ந்தார்கள். சில குடும்பங்களில் எல்லோருக்கும் மாதாமாதம் கூடுதல் உணவுப் பொருள்கள் கொடுக்கப்பட்டன. 2023-ல் முடிவு வந்தது: அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. பணம் ஐசிஎம்ஆருடையது. ஆய்வில் பங்கெடுத்த நிறுவனங்களில் ஒன்று, அதே சேத்துப்பட்டு மையம்.