அந்தப் பூனை தெரியணும்! மாமல்லபுரத்தில் ஒரு டிஜிகேம் பனோரமா

மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசு முன்னால் நின்று முழுப் பாறையையும் ஒரே போட்டோவில் அடக்கப் பார்த்திருக்கீங்களா? அகலமே கிட்டத்தட்ட 90 அடி. போனில் 0.5 எக்ஸ் வைத்தால் பாறை அடங்கிடும். ஆனால், பெரிய யானைக்குப் பக்கத்தில் கையைத் தூக்கித் தவம் செய்யுதே ஒரு பூனை, அதுவும் அதைச் சுற்றியிருக்கும் எலிகளும் வெறும் புள்ளியாகிடும்.

வீட்டு பீரோவில் தூங்கும் பழைய டிஜிட்டல் கேமராவை எடுங்க. ஐந்தாறு படங்களாக எடுத்து ஒட்டினால், முழுப் பாறையும் இருக்கும். ஜூம் பண்ணினால் பூனையும் இருக்கும். சிற்பம் கிழக்கு பார்த்தது என்பதால் காலையிலேயே போயிடுங்க.

கேமராவை நெட்டுக்குத்தலாகப் பிடிங்க. இங்கே வில்லன் ஆட்டோ மோட்தான். ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றிவிடும். ஒட்டியதும் வானத்தில் பட்டை பட்டையாகத் தையல் தெரியும். மேனுவல் இருந்தால் எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் பூட்டிடுங்க. இல்லையென்றால் மெனுவில் பனோரமா மோட் தேடுங்க. பழைய கேனான் பவர்ஷாட் பலவற்றில் 'ஸ்டிட்ச் அசிஸ்ட்' உண்டு. முந்தைய படத்தின் ஓரத்தைத் திரையிலேயே காட்டும். மூன்றில் ஒரு பங்காவது அடுத்த படத்திலும் வரணும். நடுவில் ஜூமைத் தொடாதீங்க.

பலரும் சொதப்புவது திரும்புவதில்தான். கையை நீட்டி உடம்போடு சுற்றினால், கேமராவும் இடம் மாறுது. கண் முன்னால் விரலை வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்க, விரல் தாவும் இல்லையா? அதேதான். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, லென்ஸ் நின்ற இடத்திலேயே இருக்க, நீங்க அதைச் சுற்றி நகரணும். தபசுப் பாறையில் இது அவ்வளவாகப் படுத்தாது. கடற்கரைக் கோயிலில் கிட்டத்தில் இருக்கும் சுவரும் தள்ளி நிற்கும் கோபுரமும் ஒரே ஃப்ரேமில் வந்தால் உடைந்துவிடும். அங்கே அலை வேறு நிற்காது; இரண்டு படங்கள் சேரும் இடம் பாறையிலோ மணலிலோ விழுவது நல்லது.

ஒட்டுவதற்கு 'ஹுகின்' என்ற இலவச சாஃப்ட்வேர் போதும், லேப்டாப் வேண்டும். தபசுப் பாறைக்கு ரெக்டிலீனியர், அகலமான கடலுக்கு சிலிண்ட்ரிக்கல் தேர்வு செய்யுங்க.

முதல் தடவையா? செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரையில் பழகுங்க. எல்லாமே தூரத்தில் இருப்பதால் தப்பு குறைவு.

ஒவ்வொரு செட்டுக்கும் முன்னும் பின்னும் உங்க கையை ஒரு படம் எடுத்து வையுங்க. எது எதோடு சேரும்னு தேட வேண்டாம். நான் ஒரு ஞாயிறு முழுக்கத் தேடியிருக்கேன்.