புண்ணாக்கு வழக்கு, குதிரை வழக்கு

இணைய வணிகச் சட்டத்தை நான் படித்த காலத்தில் அந்தப் பாடத்தில் இணையம் கொஞ்சம்தான் இருந்தது. கம்பளியும் புண்ணாக்கும்தான் அதிகம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று அமலுக்கு வந்தபோது நான் சென்னையில் எல்.எல்.பி. மாணவி. பாரிமுனைப் பக்கம் 'பேர் ஆக்ட்' விற்கும் கடையில் வாங்கிய அந்தச் சட்டம் ஒல்லியான புத்தகம். மொத்தமே 94 பிரிவுகள். ஐ.நா. வணிகச் சட்ட ஆணையம் 1996இல் தயாரித்த மாதிரிச் சட்டத்தைச் சொல்லித்தான் முகவுரையே தொடங்கும். அந்தச் சட்டத்தின்மேல் சொல்லிக்கொள்ளும்படி தீர்ப்பு எதுவும் அப்போது இல்லை. ஒப்பந்தச் சட்டம் எடுத்த ஆசிரியரே இதையும் எடுத்தார், கையில் அவதார் சிங் எழுதிய ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தோடு.

அவர் தொடங்கியது 1817ஆம் ஆண்டு இங்கிலாந்தில். கம்பளி விற்கத் தயார் என்று ஒரு வியாபாரி செப்டம்பர் 2 அன்று கடிதம் போடுகிறார். முகவரியில் மாவட்டத்தைத் தப்பாக எழுதிவிட்டதால் கடிதம் ஊர்சுற்றிவிட்டு 5ஆம் தேதி போய்ச் சேருகிறது. வாங்குபவர் அன்று மாலையே சம்மதம் எழுதித் தபாலில் சேர்க்கிறார். பதிலைக் காணோமே என்று விற்பவர் 8ஆம் தேதி வேறொருவருக்குக் கம்பளியைக் கொடுத்துவிட, 9ஆம் தேதி பதில் வருகிறது. தபாலில் போட்ட கணமே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று 1818இல் தீர்ப்பு. ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல். சட்டம் படித்த யாரை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

நமது ஒப்பந்தச் சட்டம் 1872இல் வந்தது. பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கியது 1876இல். இந்த நான்கு வருட இடைவெளி 1959இல் ஒரு புண்ணாக்கு வியாபாரத்தில் வெடித்தது. அகமதாபாத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பருத்திக்கொட்டைப் புண்ணாக்குக்கு விலை பேசுகிறார்; காம்காவ் ஊரிலிருந்து மில்காரர் சரி என்கிறார். பிறகு சரக்கு வரவில்லை. வழக்கை எந்த ஊரில் போடுவது? சம்மதம் சொன்ன இடத்திலா, அது காதில் விழுந்த இடத்திலா? பகவான்தாஸ் கேடியா வழக்கு என்று பெயர் பெற்ற இது உச்ச நீதிமன்றம் வரை போனது. காதில் விழுந்த அகமதாபாத்தில்தான் ஒப்பந்தம் உருவானது என்று நீதிபதிகள் ஷாவும் வாஞ்சுவும் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி ஹிதாயத்துல்லா ஒத்துக்கொள்ளவில்லை. 1872 சட்டத்தின் 4ஆவது பிரிவில் உள்ள வார்த்தைகள் தொலைபேசிக்கும் பொருந்தும். சொன்னவரின் கையைவிட்டுப் போன இடமே ஒப்பந்தத்தின் இடம் என்பது அவர் கட்சி. பெரும்பான்மையைவிட அவருடைய மாறுபட்ட தீர்ப்பைத்தான் நாங்கள் விரும்பிப் படித்தோம். சட்டத்தின் சொற்களைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்கிற அந்தப் பிடிவாதத்துக்காக.

எனக்கு அது பிடித்ததற்கு வேறு காரணமும் உண்டு. அப்பாவுக்கு விருதுநகரில் எண்ணெய், புண்ணாக்கு கமிஷன் வியாபாரம். டிரங்க் கால் போட்டு ரேட் பேசி, "முடிஞ்சது அண்ணாச்சி" என்றால் லாரி ஏறிவிடும், எழுத்தெல்லாம் பின்னால்தான். இந்த வழக்கை அவரிடம் சொன்னேன். "காதுல விழலைன்னா அது எப்படிம்மா வியாபாரம்? லைன் கட்டானா திருப்பிப் போட வேண்டியதுதானே" என்றார். பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இப்படிப் பழைய வழக்குகளை வைத்தே இணையத்தைப் படித்துவிட முடியுமானால் தனிப் பாடம் எதற்கு? அமெரிக்காவில் இதை நேருக்கு நேர் கேட்டவர் நீதிபதி ஃபிராங்க் ஈஸ்டர்புரூக். 1996இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேசும்போது, குதிரை விற்பதற்கும் குதிரை உதைத்ததற்கும் எத்தனையோ வழக்குகள் உண்டு, அதற்காகக் 'குதிரைச் சட்டம்' என்று ஒரு பாடம் வைப்போமா என்றார். சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் 1999இல் பதில் எழுதினார்: இணையத்தில் மனிதரைக் கட்டுப்படுத்துவது சட்டம் மட்டுமல்ல, மென்பொருளின் அமைப்பும்தான், அதைத் தனியாகப் படித்தாக வேண்டும் என்று. வேடிக்கை என்னவென்றால், அதே 1996இல் புரோசிடி வழக்கில், மென்பொருள் பெட்டிக்குள் இருக்கும் உரிம நிபந்தனை வாங்கியவரைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பு எழுதியவர் ஈஸ்டர்புரூக்தான். 'ஐ அக்ரீ' பொத்தானைப் பற்றிப் பேசும் எந்த வகுப்பும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

என்னைக் கேட்டால் அவர் சொன்னதில் பாதி சரி. ஒப்பந்தம் என்கிற அளவில் பழைய சட்டமே போதுமானதாக இருந்தது. 2005இல் நிலக்கரி மின்-ஏலம் ஒன்றில், மின்னஞ்சலை எங்கிருந்து வேண்டுமானாலும் திறக்கலாம் என்றாலும், அதைப் பெற்றவரின் வியாபார இடத்தையே சேர்ந்த இடமாகக் கொள்ள வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13ஆவது பிரிவை வைத்துச் சொன்னது. டிரைமெக்ஸ் எதிர் வேதாந்தா வழக்கில், ஆஸ்திரேலிய பாக்சைட்டுக்காகப் போய்வந்த மின்னஞ்சல்களே ஒப்பந்தம் என்று 2010இல் தீர்ப்பளித்தவர் சென்னையில் சட்டம் படித்த நீதிபதி சதாசிவம். இரண்டையும் என் ஆசிரியர் 2000இலேயே எழுதியிருப்பார்.

அவர் கையிலிருந்த புத்தகத்தில் இல்லாதது பாசி டாட் காம் வழக்கு. 2004 நவம்பரில் யாரோ ஒருவர் அந்த இணையச் சந்தைத் தளத்தில் ஆபாச வீடியோவை விற்பனைக்குப் போட, டிசம்பரில் தளத்தின் தலைமை நிர்வாகி கைதானார். அவர் விற்றவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. சந்தைக்கு இடம் கொடுத்தவர். அப்படிப்பட்டவரின் பொறுப்பு எதுவரை என்பதற்குக் கம்பளி வழக்கிலும் விடை இல்லை, புண்ணாக்கு வழக்கிலும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. திருத்தம் 2009 அக்டோபரில் அமலானது. இந்தப் பாடம் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் வகுப்பெடுக்கும்போது 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளைத்தான் முதலில் நீட்டுகிறேன். முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று அதில் ஒரு விதி. இது புதுசு என்கிறார்கள் மாணவர்கள். பதில் வராவிட்டால் 30 பவுண்டு 15 ஷில்லிங்குக்கு அது என்னுடையது என்று வைத்துக்கொள்வேன் என சகோதரர் மகனுக்கு எழுதிய ஒருவரிடம், மௌனம் சம்மதமாகாது என்று இங்கிலாந்து நீதிமன்றம் சொன்ன 1862ஆம் ஆண்டு வழக்கை அதற்குப் பக்கத்திலேயே வைக்கிறேன். ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி. வாங்க நினைத்த பொருள், ஒரு குதிரை.