கால்பந்து டிக்கெட்டின் கதை

இந்த முறை விளையாட்டு வரலாற்றில் இருந்து ஒரு சின்ன விஷயம். டிக்கெட்!

எங்கள் காரைக்குடிப் பக்கம் விளையாட்டுப் பார்க்க டிக்கெட் வாங்கும் பழக்கம் குறைவு. சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போனால் பொட்டலில் நின்று பார்க்கலாம். பள்ளி மைதானத்தில் கால்பந்து நடந்தால் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவோம். நமக்குத் தெரிந்ததெல்லாம் சினிமா டிக்கெட்தான். அதையும் புதுப்படம் என்றால் பிளாக்கில் வாங்குவதை யாரும் பெரிய தப்பாக நினைப்பதில்லை.

2022-ல் கத்தாரில் உலகக் கோப்பை நடந்தபோது, அங்கே வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் போன் செய்தார்.

"தம்பி, ஒருத்தன் வாட்ஸப்புல டிக்கெட் போட்டோ அனுப்புறேங்கிறான். முதல்ல காசு கேக்குறான். வாங்கலாமா?"

"வேண்டாண்ணே" என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் வேண்டாம் என்று அவர் கேட்டபோது, "ஏமாத்திருவாய்ங்க" என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான், இதற்குப் பின்னால் நூறு வருடக் கதை இருப்பது தெரிந்தது.

முதலில் லண்டன். 1923 ஏப்ரல் 28. புதிதாகக் கட்டி முடித்த வெம்ப்ளி மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி. போல்டன் அணியும் வெஸ்ட் ஹாம் அணியும் மோதின. சில இருக்கைகளுக்கு மட்டுமே முன்கூட்டியே டிக்கெட் விற்றார்கள். மற்றவர்கள் வாசலில் காசு கொடுத்து உள்ளே போகலாம். மைதானத்தின் கொள்ளளவு சுமார் 1,27,000. வந்த கூட்டமோ 2 லட்சத்துக்கும் மேல் என்று கணிக்கப்படுகிறது! வாசலை மூடிய பிறகும் சுவர் ஏறிக் குதித்தார்கள். ஆடுகளம் முழுக்க மனிதத் தலைகள். குதிரைப் போலீசார் கூட்டத்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளிய பிறகு, முக்கால் மணி நேரம் தாமதமாக ஆட்டம் தொடங்கியது. சுமார் ஆயிரம் பேருக்குக் காயம். டிக்கெட் வாங்கியும் தங்கள் இடத்துக்குப் போக முடியாதவர்களுக்குச் சங்கம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு முதல், முன்கூட்டியே டிக்கெட் வாங்கினால்தான் இறுதிப் போட்டிக்குப் போக முடியும் என்றாகிவிட்டது.

அடுத்து நம் நாடு. 1980 ஆகஸ்ட் 16, கல்கத்தா ஈடன் கார்டன். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. எதிரெதிர் அணிகளின் ரசிகர்கள் ஒரே பகுதியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆடுகளத்தில் தொடங்கிய சண்டை ரசிகர்களிடம் பரவியது. தப்பித்து ஓடிய நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். எத்தனை பேர் என்பது மட்டுமல்ல, யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம் என்பதற்கு இது உதாரணம்.

மூன்றாவது, 1989 ஏப்ரல் 15. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உள்ள ஹில்ஸ்பரோ மைதானம். இங்கே எல்லோருக்கும் முன்பே டிக்கெட் விற்றிருந்தார்கள். ஆனாலும் நெரிசலில் 97 பேர் இறந்தார்கள். "டிக்கெட் இல்லாமல் வந்தவர்களால்தான்" என்று முதலில் ரசிகர்கள் மேல் பழி போட்டார்கள். அது உண்மையில்லை என்று 1989-லேயே வந்த டெய்லர் இடைக்கால அறிக்கை சொன்னது. ரசிகர்கள் மேல் தவறில்லை என்று 2016-ல் விசாரணை நடுவர்களும் தீர்ப்பளித்தார்கள். அந்தப் பக்கத்துக்கு மொத்தம் எத்தனை டிக்கெட் என்ற கணக்கு இருந்தது. ஆனால் கம்பி வேலிக்குள் ஒவ்வொரு தடுப்பிலும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ண ஆளில்லை. ஏற்கெனவே நிறைந்திருந்த நடுத் தடுப்புக்குள் மேலும் மேலும் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். இதன் பிறகுதான் பெரிய அணிகளின் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை, இருக்கைக்கு எண் என்ற முறை கட்டாயமானது.

1994-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அனுமதி இல்லாதவர் கால்பந்து டிக்கெட்டை விற்றால் குற்றம். கூடுதல் விலைக்கு விற்றால் மட்டுமல்ல, அதே விலைக்கு விற்றாலும் குற்றம்தான்! காரணம் காசு மட்டுமல்ல. எதிரணி ரசிகர் தவறான பகுதியில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதும்தான்.

2006 ஜெர்மனி உலகக் கோப்பையில் டிக்கெட்டில் வாங்கியவர் பெயரையே அச்சடித்து, உள்ளே சிப்பும் வைத்தார்கள். 2022 கத்தாரில் டிக்கெட் செல்போன் செயலிக்குள் போய்விட்டது. டிக்கெட்டின் போட்டோவைக் காட்டினால் வாசலில் விடமாட்டார்கள். அண்ணனிடம் அந்த ஆள் விற்கப் பார்த்தது வெறும் படத்தைத்தான்!

அப்படியானால் எப்படி வாங்குவது?

1. போட்டியை நடத்தும் அமைப்பு அல்லது அணியின் சொந்த இணையதளத்துக்கே போங்கள். யாரோ அனுப்பும் லிங்க் வழியாகப் போகாதீர்கள்.

2. அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரைப் பதிவு செய்யுங்கள்.

3. எந்தப் பகுதி, எந்த வரிசை, எந்த அணி ரசிகர்களுக்கானது என்று பார்த்து வாங்குங்கள்.

4. போக முடியாவிட்டால், நடத்துபவர்களே வைத்திருக்கும் மறுவிற்பனைப் பக்கத்தில் கொடுங்கள். டிக்கெட்டைப் படம் எடுத்து எங்கும் போடாதீர்கள்.

காரைக்குடியில் இருந்து சென்னை நேரு ஸ்டேடியத்துக்குப் போவது என்றாலும் இதே வழிதான். 400 கிலோமீட்டர் பயணம் செய்து வாசலில் ஏமாந்து நிற்பதைவிட, டிக்கெட் உறுதியான பிறகு ரயில் ஏறுவது நல்லது.

அண்ணன் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? கத்தாரில் வசிப்பவர்களுக்கு மட்டும் 40 ரியாலுக்குத் தனி டிக்கெட் இருந்தது. பல நாள் இணைய வரிசையில் காத்திருந்து அதையே வாங்கிவிட்டார். கடைசி வரிசைக்குப் பக்கத்தில் இருக்கை. "ஆளுங்க எறும்பு மாதிரிதான் தெரிஞ்சாய்ங்க. ஆனா எனக்குன்னு ஒரு நம்பர் போட்ட சீட்டுடா தம்பி!" என்றார்.