நூத்தம்பது ரூபாய் கார் - பழைய கான்டஸாவுக்கு ஏன் இன்னும் மவுசு?



ஒரு லட்ச ரூபாய்க்கு ஒரு கார் வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம், அதுவும் குறைந்து செல் மதிப்பு முறையில். பதினைந்து வருஷம் கழித்து அந்தக் காரின் ஏட்டு மதிப்பு சுமார் 8,735 ரூபாய். நாற்பது வருஷம் கழித்து சுமார் 150 ரூபாய். ரெண்டு பேர் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டால் தீர்ந்துபோகும் காசு :)

ஆனால் 1980களில் வந்த ஒரு கான்டஸா, துரு பிடிக்காமல், ஒரிஜினல் பாகங்களோடு இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். லட்சக்கணக்கில் விலை பேச ஆள் வரும். பி.காம் படிக்கிற எனக்கு இது கொஞ்சம் உறுத்தலான விஷயம். நாங்கள் படிக்கிற பாடம் கீழே போகிறது, சந்தை மேலே போகிறது. நடுவில் என்ன நடந்தது?

பழைய சொகுசுக் கார் என்றதும் எல்லாரும் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது. "அபூர்வமாகிவிட்டது, அதனால் விலை". எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஏன் என்று சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கார் கிடைக்காத காலம்

லைசென்ஸ் ராஜ் என்று பொருளாதாரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். எந்தக் கம்பெனி எத்தனை கார் செய்யலாம் என்பதை அரசாங்கம் தீர்மானித்த காலம். இந்தியாவில் கார் என்றால் மூன்று பேர்தான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் (அம்பாசிடர்). பம்பாயில் பிரீமியர் (ஃபியட், பின்னாளில் பத்மினி). சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் (ஹெரால்டு). பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது சாதாரண ஆளால் ஆகிற காரியம் இல்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சின்ன கார், குறைந்த விலை, ஜப்பான் தொழில்நுட்பம். பழைய மூன்று கம்பெனிகளுக்கும் வயிற்றில் புளியைக் கரைத்தது. கீழ்மட்டத்தில் மாருதியோடு மோத முடியாது, அதனால் மேலே போவோம் என்று மூன்று பேருமே ஒரே மாதிரி யோசித்தார்கள் போல. 1984, 1985 ஆகிய ரெண்டே வருஷத்தில் மூன்று பெரிய கார்கள் வந்தன.

பிரீமியர் 118என்இ: ஃபியட் 124 காரின் உடம்பு, நிஸ்ஸான் இன்ஜின்.
கான்டஸா: இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விஎக்ஸ் காரின் உடம்பு, அம்பாசிடரின் இன்ஜின்.
ஸ்டாண்டர்டு 2000: இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடம்பு, ஸ்டாண்டர்டு கம்பெனியின் பழைய இன்ஜின்.

மூன்றுக்கும் ஒரே சமையல் குறிப்புதான். வெளிநாட்டில் மவுசு குறைந்த ஒரு காரின் அச்சுகளை வாங்கு, கையில் கிடைக்கிற இன்ஜினைப் போடு, சொகுசுக் கார் என்று விற்றுவிடு.

சென்னை ஆடிய ஆட்டம்

இதில் நம்ம தமிழ்நாட்டுக் கதை ஸ்டாண்டர்டு 2000. பலருக்கு அப்படி ஒரு கார் இருந்ததே தெரியாது.

ஸ்டாண்டர்டு கம்பெனி 1949 முதல் சென்னையில் கார் செய்தது. வான்கார்டு, ஹெரால்டு, கெஸல் எல்லாம் அவர்களுடையவை. 1970களின் கடைசியில் கார் செய்வதையே நிறுத்திவிட்டு வேன் மட்டும் செய்துகொண்டிருந்தார்கள். பிறகு 1985ல் திரும்பி வந்தார்கள், அதுவும் ரோவர் எஸ்டி1 உடம்போடு.

எஸ்டி1 சாதாரணக் கார் இல்லை. 1976ல் இங்கிலாந்தில் வந்தபோது 3.5 லிட்டர் வி8 இன்ஜின். டேவிட் பேச் என்பவர் ஃபெராரி டேடோனாவைப் பார்த்து வரைந்த முகம். 1977க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் வாங்கியது. அந்த அழகான உடம்பு சென்னைக்கு வந்தபோது உள்ளே போட்டது 1,991 சிசி நாலு சிலிண்டர் இன்ஜின். அந்த இன்ஜினின் பூர்வீகம் 1940களின் வான்கார்டு. அதே குடும்பத்து இன்ஜின் இங்கிலாந்தில் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியிருக்கிறது! நம்ம ஊர் ரோட்டுக்காகக் காரின் உயரத்தையும் கூட்டினார்கள். பாய்வதற்காக வரைந்த கார், முட்டிக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டியது மாதிரி நின்றது.

விலை அதிகம், இழுவை போதாது, பெட்ரோலும் குடிக்கும். 1988ல் காரும் போச்சு, கம்பெனியின் கார் தயாரிப்பும் முடிந்தது.

கான்டஸா எப்படித் தப்பித்தது?

1984ல் வந்த கான்டஸாவும் முதலில் இதே நிலைமையில்தான் இருந்தது. அத்தனை பெரிய வண்டிக்கு அம்பாசிடரின் 1,489 சிசி இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். யானைக்கு ஆட்டின் மூச்சு. அப்படியே விட்டிருந்தால் ஸ்டாண்டர்டு 2000க்கு நேர்ந்த கதிதான் இதற்கும்.

ஆனால் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஜப்பானின் இசுசு கம்பெனியோடு கைகோத்தது. 1,817 சிசி பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர், 88 குதிரைத்திறன். இன்றைக்கு சின்ன காரிலேயே ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடும், ஆனால் அன்றைக்கு அது பெரிய விஷயம். பிறகு 2 லிட்டர் டீசலும் வந்தது. நீண்ட பானெட், அகலமான பின்சீட், பின்சக்கர இழுவை. மந்திரி, முதலாளி, படத்தில் வில்லன், எல்லாரும் அதில்தான் வந்து இறங்கினார்கள்.

1993ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது. சியலோ, எஸ்கார்ட், ஆஸ்ட்ரா, மெர்சிடிஸ் என்று வரிசையாக வந்தன. கான்டஸாவின் சொகுசு ஒரே நாளில் பழசாகிவிட்டது. 2002ல் தயாரிப்பை நிறுத்தினார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். அபூர்வம் என்றால் ஸ்டாண்டர்டு 2000தான் அபூர்வம். மூன்றே வருஷம் செய்த கார். அழகிலும் அதுதான் ஒரு படி மேல். பாடத்தில் சொல்கிறபடி அளிப்பு குறைந்தால் விலை ஏற வேண்டும். அப்படியானால் ஆர்வலர்கள் கூட்டம் அதன் பின்னால் அல்லவா அலைய வேண்டும்? ஏன் கான்டஸாவின் பின்னால் அலைகிறது?

என் பதில்: மெக்கானிக்.

கான்டஸாவில் போட்ட இசுசு 1.8 இன்ஜினை 1990களில் அம்பாசிடரிலும் போட்டார்கள். அந்த அம்பாசிடர்கள் அரசாங்க ஆபீஸ் காராகவும், டாக்சியாகவும் ஊர் ஊராக ஓடின. அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதம்தான் நின்றது. அதாவது கான்டஸா செத்த பிறகும் பன்னிரண்டு வருஷம் அதன் சொந்தக்காரன் உயிரோடு இருந்தான். பாகம் கிடைத்தது. அதைவிட முக்கியம், அந்த இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் எல்லா ஊரிலும் இருந்தன. ஸ்டாண்டர்டு 2000க்கு அப்படி ஒரு சொந்தம் இல்லை. ஒரு பின்விளக்குக் கண்ணாடி உடைந்தால் எங்கே போவது? வண்டி ஒரு மூலையில் நின்றது. நின்ற வண்டி இரும்புக்கடைக்குப் போனது.

அபூர்வம் வேறு, ஆசை வேறு. யாரும் பார்க்காத, ஓட்டாத, ரிப்பேர் செய்ய முடியாத பொருள் எவ்வளவு அபூர்வமாக இருந்தாலும் அதற்குத் தேவை உண்டாகாது. ஆசை உண்டாக அது கண்முன்னால் ஓட வேண்டும்.

நம்ம ராஜா வீட்டுக் கார்

இதற்கு நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு சாட்சி உண்டு. 1956 நவம்பர் 1க்கு முன்னால் நாம் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தின் வாரிசுகள். பத்மநாபபுரம் அரண்மனை இன்றைக்கும் கேரள அரசின் கையில்தான் இருக்கிறது. கடைசி மகாராஜா சித்திரைத் திருநாளின் தம்பி உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. இவர் 1950களின் பென்ஸ் 180 வகைக் கார் ஒன்றை வைத்திருந்தார். 2013ல் காலமாகும் வரை அதை விடவே இல்லை. அதற்குப் பதிலாக ரெண்டு புதுக் கார் தருகிறோம் என்று கம்பெனியே கேட்டும் அவர் கொடுக்கவில்லை என்று செய்தித்தாள்களில் வந்தது.

ராஜகுடும்பம், அதனால்தான் அந்தக் காருக்கு மதிப்பு என்று சொல்லலாம். பாதி உண்மை. ஆனால் அரண்மனைகளில் இருந்த எத்தனையோ கார்கள் காணாமலே போய்விட்டன. இது நின்றதற்குக் காரணம் ஒரே ஆள் அறுபது வருஷத்துக்குப் பக்கமாக அதைப் பராமரித்தது. யாருடையது, எங்கே ஓடியது, யார் கையில் இருந்தது என்ற சங்கிலி அறுபடவில்லை. பழைய காரில் ஆர்வலர்கள் ஆர்சி புத்தகத்தையும் ஒரிஜினல் பில்லையும் அப்படித் தடவித் தடவிப் பார்ப்பது இதற்காகத்தான். கணக்குப்பதிவில் வவுச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள் :)

ஆக என் கணக்கில் மூன்று விஷயம். ஒன்று, அந்தக் காலத்தில் எல்லாரும் பார்த்து ஏங்கி, சிலருக்கு மட்டும் கிடைத்தது. ரெண்டு, இன்றைக்கும் ஒரு மெக்கானிக்கால் அதை ஓட வைக்க முடிகிறது. மூன்று, அது உண்மையான வண்டிதான் என்று காட்ட ஒரு வரலாறு இருக்கிறது. சொகுசு என்பது இந்தப் பட்டியலிலேயே இல்லை, கவனித்தீர்களா? ஏசி, பவர் ஸ்டியரிங் எல்லாம் முதலில் பழசாகிற விஷயங்கள்.

2034 வரை தாங்குமா?

இனிதான் கவலைப்பட வேண்டிய இடம்.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய வண்டியாக இருக்க வேண்டும். விஏ என்ற எழுத்து போட்ட தனி நம்பர். சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. முதல் கான்டஸாவுக்கு ஐம்பது வயது 2034ல்தான் ஆகும். ஸ்டாண்டர்டு 2000க்கு 2035ல்.

அதுவரைக்கும் சட்டத்தின் கண்ணில் இவை பாரம்பரியம் இல்லை, வெறும் பழைய வண்டி. பதினைந்து வருஷம் தாண்டினால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி எடுத்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025ல் இருபது வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. கடைசியாக வந்த கான்டஸாவும் அந்தக் கணக்கில்தான் வரும். ஓட்டை உடைசல் வண்டிகள் ரோட்டில் புகை கக்குவதைத் தடுப்பதற்கான விதி, அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் ஒழுங்காகப் பராமரித்த வண்டியும் அதே தராசில்தான் ஏறுகிறது.

ரெண்டாவது எதிரி நம்ம ஊரிலேயே இருக்கிறது. குமரி மாவட்டத்தில் ரெண்டு பருவமழையும் உண்டு, கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றும் உண்டு. இன்ஜினைப் பிரித்து மாட்டிவிடலாம். அடித்தகடு அரித்துப்போனால் டிங்கர் வேலை தெரிந்த நல்ல ஆள் வேண்டும். தகட்டை வெட்டி, அதே வளைவில் புதுத்தகடு அடித்து, பற்றவைக்கிற கைவேலை அது. பட்டி பூசி பெயிண்ட் அடித்து மறைத்தால் ரெண்டு மழைக்குத் தாங்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது எதிரியை யாரும் எதிர்பார்க்க மாட்டீர்கள். ஆர்வலர்களே! கான்டஸாவை "இந்தியாவின் மசில் கார்" என்று கொண்டாடுகிறவர்களில் பலர் பழைய இன்ஜினைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு பெரிய இன்ஜினை மாட்டுகிறார்கள், பாடியை வெட்டி அகலப்படுத்துகிறார்கள். பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் 2034ல் அந்த வண்டிக்கு விண்டேஜ் நம்பர் கிடைப்பது கஷ்டம், வரலாற்றுச் சங்கிலியும் அங்கே அறுந்துவிடுகிறது. அதிகமாக ஆசைப்பட்டே ஒரு பொருளை இல்லாமல் ஆக்க முடியும்.

அதனால் உங்கள் வீட்டிலோ, மாமா வீட்டுத் தோட்டத்திலோ தார்ப்பாய் மூடிய பழைய பெரிய கார் ஒன்று நின்றால், இரும்புக்கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் மூன்று காரியம் செய்யுங்கள். ஆர்சி புத்தகத்தைத் தேடி எடுங்கள். வண்டியின் அடித்தகட்டைப் பாருங்கள். உங்கள் ஊரில் அம்பாசிடர் வேலை பார்த்த வயசான மெக்கானிக் யாராவது இருந்தால் ஒருமுறை கூட்டி வந்து காட்டுங்கள். இந்த மூன்றில் மெக்கானிக்தான் அவசரம். புத்தகமும் தகடும் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அந்தக் கைகளுக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது, அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள இப்போது பையன்கள் வருவதும் குறைவு.

தேய்மானம் போட வேண்டியது காருக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.