ஒன்பது பற்களுக்கு 122 ஷில்லிங்

ஜார்ஜ் வாஷிங்டன் மரப்பல் கட்டியிருந்தார் என்னும் கதையை நம்மில் பலர் பள்ளிப் பருவத்திலேயே கேட்டிருப்போம். அவருக்குச் செய்யப்பட்டவையாக அறியப்படும் பொய்ப்பற்கள் எவற்றிலும் மரம் இல்லை. (மரத்தில் பல் செதுக்கியவர்கள் ஜப்பானியர். 16ஆம் நூற்றாண்டிலேயே மேலண்ணத்தில் ஒட்டி நிற்கும்படி அதைச் செய்தார்கள். அது தனிக் கதை.)

1789இல் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றபோது அவர் வாயில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். அதற்குத் துளை விட்டு, நீர்யானைத் தந்தத்தில் பல் செட் செய்துகொடுத்தார் ஜான் கிரீன்வுட் என்ற பல் மருத்துவர். மவுண்ட் வெர்னனில் இன்றும் காட்சிக்கு இருக்கும் முழுச் செட் ஈய அடித்தளம் கொண்டது. அதில் மனிதப் பற்களும் விலங்குப் பற்களும் பதிக்கப்பட்டுள்ளன. மேல், கீழ் வரிசைகளைச் சுருள்வில்கள் விலக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால், வாயை மூடியிருக்கவே தாடையை இறுக்கிப் பிடித்தாக வேண்டும்.

மனிதப் பற்கள் எங்கிருந்து வந்தன? 1784 மே மாதம் மவுண்ட் வெர்னன் கணக்கேட்டில், பிரெஞ்சுப் பல் மருத்துவர் லெ மேயரின் பொருட்டு ஒன்பது பற்களுக்காகக் கறுப்பின அடிமைகளுக்கு 122 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு வரி காணப்படுகிறது. ஒரு பல்லுக்குப் பதினான்கு ஷில்லிங்கிற்கும் குறைவு. இதே லெ மேயர் நியூயார்க் செய்தித்தாள்களில், அடிமைகள் நீங்கலாக எவர் பல் கொடுத்தாலும் இரண்டு கினி, அதாவது 42 ஷில்லிங், தருவதாக விளம்பரம் செய்திருந்தார்.

அந்த ஒன்பதும் வாஷிங்டனின் வாய்க்குத்தான் போயினவா என்று கணக்கேடு சொல்லவில்லை. லெ மேயர் ஒருவர் பல்லைப் பிடுங்கி மற்றவர் ஈறில் நடும் சிகிச்சையும் செய்தவர். ஆனால் விலை கொடுக்கப்பட்டதை இசைவுக்குச் சான்றாகக் காட்டும் வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. உடலே பிறர் உடைமையாகச் சட்டத்தில் பதிவாகியிருந்தவர், உடைமையாளர் கேட்கும் பல்லை எப்படி மறுப்பார்? மூன்றில் ஒரு பங்கு விலையே அந்தப் பேரத்தின் தன்மையைச் சொல்லிவிடுகிறது.

1786 பிப்ரவரியில் வாஷிங்டன் தம் தோட்டங்களில் இருந்த அடிமைகள் 216 பேரைப் பெயர் பெயராக நாட்குறிப்பில் எழுதினார். பல் கொடுத்தவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கக்கூடும். கணக்கேட்டு வரியிலோ பெயர் ஒன்றுகூட இல்லை. எண்ணும் தொகையும் மட்டுமே.